காதுக்குள் இருக்கும் உலகம்மாள்

என் குரல் யாருக்கும் பிடிக்காது. வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர் வேலை. "கழுகுமலை வண்டிய எடுய்யா, எம்புட்டு நேரம் உறுமிக்கிட்டே நிப்ப" என்று மைக்கில் கத்திக் கத்தி, தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. அதை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தான் 'செவிச் செய்தி'யில் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் ஊரில் கண் தெரியாதவர்களுக்காக ஒரு சங்கம் நடத்திய போன் செய்தி அது. காலையில் ஓர் எண்ணை அழைத்தால் அன்றைய உள்ளூர் விஷயம் எல்லாம் கேட்கலாம். வாசிக்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இனிமையான குரல்காரர்களுக்குச் செய்தித்தாள் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது சுவர்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ச் செய்தியில் பாதி பேப்பரில் வராது, சுவரில்தான் வரும். யார் செத்தார்கள், யார் வீட்டில் காதுகுத்து, எந்தச் சங்கம் எதற்கு மறியல், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வராது, எல்லாமே போஸ்டர்தான். கண் உள்ளவன் பஸ்ஸில் போகிறபோதே பார்த்துவிட்டுப் போய்விடுவான். கண் இல்லாதவனுக்கு அது வெறும் சுவர். அதனால் நான் காலையில் மேலரத வீதியில் ஆரம்பித்து ரயில்வே கேட் வரை நடந்து, போஸ்டர் போஸ்டராக நின்று, போனில் வாசிப்பேன். "உலகம்மாள் வாசிக்கேன், விடாம வாசிக்கேன்" என்றுதான் தொடங்குவேன். சங்கத்தின் விதியும் அதுதான்: ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றையும் சேர்க்கக்கூடாது. கண்ணீர் அஞ்சலி என்றால் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மகன், மருமகள், மச்சினன் பேர் வரைக்கும் வாசிப்பேன்.

அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள். "எவனோ செத்ததுக்கு அவன் மச்சினன் பேரு எங்களுக்கு எதுக்கு?" "காலங்காத்தால தகரத்த இழுத்த மாதிரி ஒரு சத்தம்." சங்கத்துக்கு வந்த புகார் முக்கால்வாசி என் மேல்தான். அதில் பாதி தங்கப்பழம் செய்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் கண் தெரியாதவர்களுக்கென்று அரசாங்கம் எப்போதோ கட்டிக்கொடுத்த குடியிருப்பு இருக்கிறது. அதில் முதல் வீட்டுக்காரர். தெருத்தெருவாகப் பினாயில் விற்கிறவர். வாயைத் திறந்தால் சண்டைதான்.

பிறகு காதுமணி வந்தது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி குடியிருப்பு முழுக்க இலவசமாகக் கொடுத்தது. நிலக்கடலை அளவில் ஒரு சாமான். காதில் செருகிக்கொண்டால் போதும், நாள் முழுக்கச் செய்தி சொல்லும், கேட்டால் பதில் சொல்லும். தெருமுனைக் கேமராக்கள் சுவரைப் படித்து அதற்கு அனுப்பிவிடும். அது பேசுகிற குரல்தான் விசேஷம். என் குரல்! என்னுடைய பழைய பதிவுகளை வாங்கிக்கொண்டு போய் அதே கரகரப்போடு செய்திருந்தார்கள். சங்கத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஆயிற்று, என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, "இனி நீங்க வெயில்ல அலைய வேண்டாம்மா" என்று அனுப்பிவைத்தார்கள். அந்தப் பொன்னாடை மிக்ஸிக்கு உறையாக இருக்கிறது.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தேன், தங்கப்பழம் வந்து என் கேட்டைக் கம்பால் அடிக்கும் வரை.

"ஏ உலகம்மா! வெளிய வாட்டி! சவத்த மூதி, உனக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

தெருவே வெளியே வந்துவிட்டது. நான் ஈரக் கையோடு போய், "அண்ணாச்சி, மரியாதையாப் பேசுங்க. கேட்ட உடைச்சிராதீங்க" என்றேன்.

"கேட்டு ஒண்ணுதான் கொறச்சல்! என் வீடே போகப் போவுது. வாசல்ல கல்லு நட்டிருக்கான். நேத்து அதுல முட்டி விழுந்து மொழங்கால் பேந்துட்டு. யாருவேய் இங்கன கல்லு நட்டதுன்னு கேட்டா, அளக்க வந்தவன் சொல்லுதான், புறவழிச் சாலைக்கு இந்தக் குடியிருப்பு பூரா எடுக்கோம், நோட்டீசு உங்க சுவர்லயே ஒட்டியாச்சு, எதுப்பு இருந்தா வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வந்து சொல்லணும், இல்லன்னா சம்மதம்னு எழுதிக்கிடுவோம்னு. நீ தெனமும் காலைல வாசிச்சியே! குடியிருப்புச் சுவர்ல சினிமா போஸ்டர் இருக்கு, பல்லு டாக்டர் போஸ்டர் இருக்குன்னு வாசிச்சியே! இத மட்டும் எங்க கொண்டு முழுங்கினே?"

"நான் வாசிச்சு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு! அது மெஷினு."

"உன் தொண்டைதான?"

என் தொண்டைதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு போனேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். குடியிருப்பின் சுற்றுச்சுவரில், வாசலுக்கு இடது கைப் பக்கம் பெரிய சினிமா போஸ்டர். அதன் ஓரத்தில் அரசாங்கத் தாளின் நுனி தெரிந்தது. நகத்தால் சுரண்டிப் பிய்த்தேன். பாதி கிழிந்து வந்தது. மீதியை வாசித்தேன். நிலம் எடுப்பு, சர்வே எண், குடியிருப்பின் பேர், விசாரணை வெள்ளிக்கிழமை. எல்லாம் இருந்தது. அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கிறவர்கள் யாரும் அதைப் பார்க்க முடியாது, வெளியே போகிறவன் எவனும் அரசாங்க அறிவிப்பை நின்று படிக்க மாட்டான். எவன் யோசித்து ஒட்டினானோ, பேதியில் போவான்.

"நல்லா வாசிச்சியா? விட்டுட்டியா?" என்றார் தங்கப்பழம்.

"கிழிஞ்சத வாசிக்க முடியாது அண்ணாச்சி. மீதி அம்புட்டையும் வாசிச்சிட்டேன்."

அவர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அந்தத் தாள் இருந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். பசை மட்டும்தான் இருந்தது.

தாலுகா ஆபீசுக்குப் போய் முழு நோட்டீசின் நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு, மறுநாள் குடியிருப்பின் பொதுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டச் சொன்னேன். கூட்டினது தலைவர் அருமைநாயகம். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், மெல்லப் பேசுவார். எல்லோர் காதிலும் அந்தக் கடலை இருந்தது. நான் நோட்டீசை முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை வாசித்தேன்.

வாசித்து முடித்ததும் யாரும் பதறவில்லை. அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எம்மா, நீங்க வருத்தப்படக் கூடாது. உங்கள வேலைய விட்டு எடுத்த கோவம் உங்களுக்கு இருக்கும். கம்பெனில இருந்து முன்னாடியே சொன்னாங்க, பழைய ஆளுங்க வந்து மெஷினப் பத்தி எதாச்சும் சொல்லுவாங்கன்னு."

"வேலையா? சம்பளம் இல்லாத வேலைக்கு எவன் கோவப்படுவான்? இந்தா இருக்கு நோட்டீசு!"

"பேப்பர யார் வேணாலும் கொண்டாரலாம். அதுல என்ன இருக்குன்னு நீங்கதான சொல்லுதீங்க" என்றாள் வேலம்மா. முறுக்குப் போட்டு விற்கிறவள், ஆளைப் பார்க்காமலே அடிக்கிற வாய். "இந்தத் தங்கப்பழம் ஏற்கெனவே ஊருக்குள்ள அம்புட்டு பேருகிட்டயும் சண்டை. நீயும் அவருமாச் சேர்ந்துக்கிட்டியளாக்கும்."

"அப்போ போனைக் காட்டிப் பாருங்க. போனு வாசிக்கும்லா?"

அருமைநாயகம் போனை எடுத்து நோட்டீசுக்கு மேல் பிடித்தார். நான் கையைப் பிடித்து நேராக வைத்தேன். போனும் காதுமணியோடு சேர்த்துக் கட்டினதுதான் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. போனுக்குள்ளிருந்து என் குரல் வந்தது. நிதானமாக, அன்பாக. நான் என் ஆயுளில் அப்படி அன்பாகப் பேசினது கிடையாது.

"இது சாலை மேம்பாடு பற்றிய பொதுவான தகவல். நீங்கள் கவலைப்படும்படி இதில் எதுவும் இல்லை."

"கேட்டீங்களா?" என்றார் அருமைநாயகம்.

"அடப்பாவி! அது பொய்யி! நான் சொல்லுதேன், அது பொய்யி!"

"எம்மா, நீங்களும் உலகம்மாதான், அதுவும் உலகம்மாதான். காதுக்குள்ள இருக்கிற உலகம்மா இதுவர எங்களத் திட்டினதில்ல, பயமுறுத்தினதில்ல. அது வந்த பெறகு என் பிரஷர் மாத்திரையே பாதியாக் கொறஞ்சிட்டு. வேலம்மா நல்லாத் தூங்குதா. நாங்க அதத்தான் நம்புவோம். வாசல்ல வந்து கத்துத உலகம்மாவ நம்பி என்னத்துக்கு நெஞ்சு வலிய வாங்க?"

"ஏ போட்டி, போயி உன் சோலியப் பாரு" என்றாள் வேலம்மா. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

நேரே கம்பெனி ஆபீசுக்குப் போனேன். பைபாஸில் கண்ணாடிக் கட்டடம். நிவேதன் என்று ஒரு பையன் மேலாளர். என் பழைய பதிவுகளை வாங்கிப் போனவன் அவன்தான். எழுந்து நின்று காபி கொடுத்தான். மரியாதை தெரிந்த அயோக்கியன்.

"என் குரல்ல பொய் சொல்லுது உன் மெஷினு" என்றேன்.

"பொய் சொல்லாது மேடம். சொல்லாம விடும். ரெண்டும் வேற."

"என்ன வேற?"

"காதுமணி செய்தி மட்டும் சொல்றதில்ல. காதுக்குள்ள ரத்த ஓட்டத்தையும் அளக்குது. எந்தச் செய்தியக் கேட்டா யாருக்கு நெஞ்சு படபடக்கும்னு முன்னாடியே கணிச்சிடும். ஒரு அளவுக்கு மேல போகும்னு தெரிஞ்சா அந்தச் செய்திய அந்த ஆளுக்குக் கொடுக்காது. கேட்டா ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான்."

"வீட்டை இடிக்கப் போறான்னா படபடக்கத்தான செய்யும்? படபடத்தாத்தான எந்திரிச்சுப் போயி விசாரணைல நிப்பான்?"

அவன் காபியை என் பக்கம் நகர்த்தினான். "வேற ஒரு ஊர்ல நடந்தது, மேடம். ஆத்துல வெள்ளம்னு செய்தி. எங்க பழைய மெஷின் அப்படியே வாசிச்சுது. ஒரு பெரியவர் கேட்டுக்கிட்டே சரிஞ்சுட்டார். தண்ணி அவர் தெருவுக்கு வரவே இல்ல. வீட்டுக்காரங்க எங்க மேல கேஸ் போட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. இப்போ எங்க ஆளுங்க யாரும் சரியல. எல்லாரும் தூங்குறாங்க. நீங்க தூங்குறீங்களா?"

"என் தூக்கத்த நான் பாத்துக்கிடுதேன். அந்த நோட்டீச மட்டும் அவங்களுக்கு வாசிக்கச் சொல்லு."

"ஒரு செய்திக்காக மாத்த முடியாது. அது மனுஷன் தொடுற இடமே இல்ல."

"அப்போ என் குரலத் திருப்பிக் குடு."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். எத்தனையோ குரல் வச்சுப் பாத்தோம். இனிமையான குரலையெல்லாம் ரசிச்சாங்க, நம்பல. உங்க குரல்ல சொன்னா மட்டும்தான் மறுபேச்சு இல்லாம நம்புறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பிடிக்காத குரலைத்தான் நம்புவார்கள்போல. இவள் நம்மைச் சந்தோஷப்படுத்த ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று. அந்த நம்பிக்கையைப் பிடுங்கி இந்தப் பையன் தாலாட்டுப் பாட வைத்திருக்கிறான். "நல்லா இருப்பே, போ" என்று எழுந்து வந்தேன். அந்தக் காபியைக் குடித்துத் தொலைத்திருந்தேன், அதுதான் எரிச்சல்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் தங்கப்பழம் காத்திருந்தார். நிவேதன் சொன்னதை அப்படியே சொன்னேன், விடாமல். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"அப்போ படபடக்க வைக்கிற செய்தின்னா ஒளிச்சிரும்."

"ஆமா."

"ஒளிக்குன்னு நிரூபிச்சா அருமைநாயகம் காதுல இருந்து அதப் பிடுங்கி எறிவான்."

"எப்படி நிரூபிக்க? நோட்டீசக் காட்டியாச்சு, நம்பலயே."

"நோட்டீசு வேண்டாம். ஊருக்கே தெரிஞ்ச ஒரு செய்தி. சுவர் பூரா ஒட்டிருக்கணும். எவனக் கூப்பிட்டுக் கேட்டாலும் ஆமான்னு சொல்லணும். இவனுவ காதுக்கு மட்டும் வரக் கூடாது." கிளாசைக் கீழே வைத்தார். "நீ செத்துப் போ."

"என்னது?"

"போஸ்டர் அடிச்சிருவோம். கண்ணீர் அஞ்சலி. கேமரா படிக்கும். மெஷினு ஒளிக்கும். மாட்டிக்கிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, கூறுகெட்ட தனமாப் பேசாதீங்க. நான் செத்தா எவன் நெஞ்சு படபடக்கும்? மெஷினு ஜம்முனு வாசிச்சிரும். 'உலகம்மாள் காலமானார், அடுத்து ஜவுளித் தள்ளுபடி'ன்னு போயிரும். அப்புறம் அருமைநாயகம், பாத்தியா, சாவுச் செய்தியக் கூட ஒளிக்காமச் சொல்லுது, நல்ல மெஷினும்பாரு. இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் போயிரும். உங்க வீடும் போயிரும்."

"அப்படி ஆனா ஆவட்டும்."

"வேற யாராவது செத்தா என்ன? ஊருக்குப் பிடிச்ச ஆளா?"

"உசுரோட இருக்கவனச் செத்துட்டான்னு போட எவன் சம்மதிப்பான்? உன்ன விட்டா நாதி இல்ல. வா."

அச்சகத்துக்காரர் கேள்வி கேட்கவில்லை. சாவுப் போஸ்டருக்கு எங்கள் ஊரில் சான்று யாரும் கேட்பதில்லை. நேரக் காப்பாளர் அடையாள அட்டையில் இருந்த படத்தைக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டு இருப்பேன். "கீழ கண்ணீருடன்னு போட்டு யார் பேரு போடணும்?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருசம். சாத்தூரில் ஒரு தம்பி, பேச்சுவார்த்தை இல்லை. யோசித்துப் பார்த்தேன். "காலியா விடுங்க" என்றேன். தங்கப்பழம் பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை மேலரத வீதியிலிருந்து ரயில்வே கேட் வரை நான் செத்திருந்தேன். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குடியிருப்பு வாசலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றேன். இருமக் கூடாது, என் இருமலைக்கூட அவர்களுக்குத் தெரியும். உள்ளே பொதுக் கூடத்தில் தங்கப்பழத்தின் சத்தம் கேட்டது.

"எல்லாரும் காதுல மாட்டியிருக்கியளா? நானும் இன்னைக்கு மாட்டிருக்கேன். அருமை, இன்னைக்கு சுவர்ல என்ன செய்தி?"

"எதுக்குக் கேக்கீரு? ஒரு காதுகுத்து. ரத்ததான முகாம். ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அருமைநாயகத்துக்கு வரவில்லை. சரி, அவர் இளகின மனசுக்காரர்.

"வேலம்மா, உனக்கு?"

"அதேதான். காதுகுத்து, ரத்ததானம். உமக்கு வேற சோலி இல்லயா?"

ஒவ்வொருவராகக் கேட்டார். யாருக்கும் வரவில்லை. எனக்குப் பின்னால் தெருவில் போன ஒரு ஆட்டோவை அவரே வெளியே வந்து கம்பை நீட்டி நிறுத்தினார். "எய்யா, இந்தச் சுவர்ல என்ன ஒட்டிருக்குன்னு சத்தமாச் சொல்லு" என்றார்.

ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்தான். "கண்ணீர் அஞ்சலி. உலகம்மாள். நேரக் காப்பாளர், ஓய்வு. ஏன், உங்களுக்குத் தெரியாதா? ஊரு பூரா ஒட்டிருக்கே."

உள்ளே ஒரு நாற்காலி சரிந்தது. வேலம்மா, "என்னது? என்ன சொல்லுதான்?" என்றாள். அவள் குரல் அப்படி ஒடிந்து நான் கேட்டதில்லை. அருமைநாயகம் காதுமணியிடம் கேட்பது கேட்டது. "உலகம்மாளுக்கு என்ன ஆச்சு?"

கூடத்தில் கம்பெனி மாட்டியிருந்த ஒலிபெருக்கியிலும் அது பதில் சொன்னது. என் குரலில்.

"உலகம்மாள் நலமாக இருக்கிறார். நீங்கள் கவலைப்படும்படி எதுவும் இல்லை."

"செத்தவ தொண்டைலயே செத்தவ நல்லா இருக்கான்னு சொல்லுது!" என்று வேலம்மா அலறினாள். தரையில் சடசடவென்று எதுவோ விழுந்தது. காதிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார்கள். "ஏ, எங்கள ஏமாத்திருக்குய்யா. அப்போ அந்த நோட்டீசு? அப்போ வீடு?" அருமைநாயகத்தின் மெல்லிய பேச்சு போன இடம் தெரியவில்லை. "பாவி, அவள நாம வெரட்டி விட்டோமே. வாசல்ல நின்னு தொண்ட கிழியக் கத்தினாளே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. உள்ளே போனேன். "ஒப்பாரிய நிறுத்துங்க. நான் சாகல. நாளைக்கு விசாரணை, எல்லாரும் பட்டாவை எடுத்து வைங்க" என்றேன்.

அடித்தார்கள். நிஜமாகவே அடித்தார்கள். வேலம்மா சத்தம் வந்த திசையில் வந்து, முகத்தைத் தடவிப் பார்த்து நான்தான் என்று உறுதியானதும் தோளில் நாலு வைத்தாள். "இப்படியாட்டி வெளயாடுவ? நாசமாப் போறவளே, எனக்கு உசிரு போயி வந்துட்டு" என்று கட்டிக்கொண்டு அழுதாள். இவர்களா? தகரத்தை இழுத்த சத்தம் என்றவர்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் அழுதேன், வேறென்ன செய்ய?

தங்கப்பழம் மட்டும் தள்ளி நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கும் வாசிக்கலியா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு வாசிச்சுதே. வெலாவாரியா வாசிச்சுது. காலமானார்னு சொல்லிட்டு அடுத்து ஜவுளித் தள்ளுபடின்னுது. எனக்கென்ன, நெஞ்சா துடிக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷராவது பொய் சொல்லாமல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குடியிருப்பு முழுக்க விசாரணைக்குப் போனோம். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே நுழைந்ததைப் பார்த்து அதிகாரி எழுந்துவிட்டார். "ஒருத்தரும் வரலன்னா சம்மதம்னுதான் எழுதியிருப்போம்" என்று அவரே சொன்னார். ஒவ்வொருவர் எதிர்ப்பும் பதிவாயிற்று. சாலைக்கு வேறு தடம் பார்க்கச் சொல்லி மேலே எழுதுவதாகச் சொன்னார். எழுதுவார்களோ, இழுப்பார்களோ, அது இனிமேல் தெரியும். ஆனால் யாரையும் கேட்காமல் இடிக்க முடியாது.

சாயங்காலம் நிவேதன் போன் செய்தான். "மேடம், இது மோசடி. உயிரோட இருக்கிறவங்களச் செத்ததாப் போட்டு எங்க மெஷின ஏமாத்தியிருக்கீங்க."

"வாசிச்சிருக்கலாம்ல? நானா வேணாம்னு சொன்னேன்?"

"அதுதான் எங்களுக்கே புரியல. சாதாரணமா ஒரு சாவுச் செய்தி நாலஞ்சு பேருக்குத்தான் தடைபடும், சொந்தக்காரங்களுக்கு. உங்களோடது அந்தக் குடியிருப்புல ஒருத்தருக்கும் போகல."

"ஒருத்தருக்குத்தான் போயிருக்கு. முதல் வீடு. தங்கப்பழம்."

அவன் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. "முதல் வீடா? இல்லையே மேடம். எல்லாருக்கும் முன்னாடி அவருக்குத்தான் நிறுத்தியிருக்கு. அவருக்குக் கணிச்ச அளவுதான் எல்லாரையும் விட அதிகம். ஆரம்பத்துல உங்க பழைய பதிவப் போட்டு அளந்தப்பவும் அப்படித்தான். 'உலகம்மாள் வாசிக்கேன்'னு நீங்க ஆரம்பிக்கிற இடத்துலயே எல்லாருக்கும் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அவருக்கு ரொம்பவே அடங்கும். அதனாலதான உங்க குரல எடுத்தோம்? நீங்க என்ன நினைச்சீங்க?"

நான் என்ன நினைத்தேன் என்று அவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? போனை வைத்துவிட்டேன். மிக்ஸிப் பொன்னாடையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறுபடி சுவருக்குப் போனேன். குடியிருப்பு மொத்தமும் போனில் ஒரே வரிசையில் இருந்தார்கள், ஒருவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். "உலகம்மாள் வாசிக்கேன், விடாம வாசிக்கேன்" என்று ஆரம்பித்தேன். காதுகுத்து, தள்ளுபடி, மறியல், எல்லாம் முடிந்து ரயில்வே கேட் பக்கம் வந்தால், நான் இன்னும் சுவரில் முறைத்துக்கொண்டு இருக்கிறேன். யாரும் கிழிக்கவில்லை. இருக்கிறதை வாசிக்கத்தானே வேண்டும்? வாசித்தேன். கண்ணீர் அஞ்சலி, பேர், வேலை, எல்லாம். வேலம்மா "தூ, வாயக் கழுவு" என்றாள். கடைசியில் 'கண்ணீருடன்' என்று இருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

விடக்கூடாது, சேர்க்கக்கூடாது. இத்தனை வருசத்தில் நான் அந்த விதியை மீறினதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்.

"கண்ணீருடன், தங்கப்பழம், முதல் வீடு."

தங்கப்பழம் வெடித்தார். "ஏ மூதி! இல்லாதத எதுக்குட்டி வாசிக்க?"

"இருக்கு அண்ணாச்சி. நிவேதன் எனக்கு வாசிச்சுக் காட்டினான். விடாம."

ஒரு ரயில் போய் முடிந்தது.

"சரி சரி, அங்கனயே நின்னா எப்படி?" என்றார் தங்கப்பழம். "அடுத்த சுவருக்குப் போ."